சாட்சியா, காரணமா? டயாலிசிஸ் நோயாளரும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்

1. கேள்வியின் தோற்றம்

சிறுநீரகங்கள் இரண்டும் செயலற்றுப்போன ஒருவர் சில வாரங்களுக்குள் மாண்டுபோவது தவிர்க்கவொண்ணாத விதியென்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருந்த நிலை 1960-ஆம் ஆண்டில் மாறிற்று. அவ்வாண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாயாலான ஓர் இணைப்பை நோயாளியின் முன்கையிலே நிலையாகப் பொருத்தி, சிகிச்சைதோறும் புதிதாக ஓர் இரத்தக்குழாயை அறுத்துத் திறக்கவேண்டிய நிர்ப்பந்தத்தை ஒழித்தார். அதன் பயனாக, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து டயாலிசிஸ் செய்துகொண்டு உயிர் தரித்திருப்பது சாத்தியமாயிற்று. அந்த இணைப்பைப் பெற்ற முதல் நோயாளி அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். இறுதியில் அவரைக் கொண்டுபோனது யூரியாவின் தேக்கமன்று, மாரடைப்பு.

ஒருவருடைய முடிவாக மட்டும் இது நின்றிருந்தால் அதிலிருந்து எந்தச் சித்தாந்தத்தையும் வருவிக்க இயலாது. ஆனால் 1974-இல் அதே சியாட்டிலிலிருந்து லிண்ட்னர், ஸ்கிரிப்னர் முதலியோர் நெடுங்காலம் டயாலிசிஸ் பெற்ற 39 நோயாளரின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டபோது, மாண்டவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமனித் தடிப்பின் விளைவுகளாலேயே மாண்டிருந்தனர் என்பது வெளிப்பட்டது. 1998-இல் ஃபோலி, பார்ஃப்ரி, சார்னக் ஆகிய மூவர் விரிவான புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு, டயாலிசிஸ் பெறும் இளம் வயதினர் இருதய நோயால் இறக்கும் வீதம், பொதுமக்களில் எண்பது வயதைக் கடந்த முதியோரின் வீதத்தோடு ஒப்பிடத்தக்கதாயிருக்கிறது என்று காட்டினர். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் கொழுப்பும் புகைப்பழக்கமும் ஆகிய வழக்கமான காரணங்களைக் கூட்டிப் பார்த்தாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் கணக்குச் சரியாக வரவில்லை. அவற்றுள் ஒன்றாகிய கொழுப்பைக் குறைத்துப் பார்த்தபோது ஐயம் இன்னும் வலுப்பட்டது. பிறரிடத்தில் மாரடைப்பைத் தடுக்க வல்ல ஸ்டாட்டின் மருந்துகள், 2005-இல் ஜெர்மனியில் நீரிழிவுடன் டயாலிசிஸ் பெற்ற 1,255 பேரிடமும், 2009-இல் பல நாடுகளைச் சேர்ந்த 2,776 டயாலிசிஸ் நோயாளரிடமும் சோதிக்கப்பட்டு, இரண்டிலும் இருதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் கூட்டுத் தொகையைக் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைக்கத் தவறின.

அப்படியானால் இந்நோயாளரின் இரத்தக்குழாய்களை இத்தனை விரைவில் அழிப்பது எது? கடந்த நாற்பது ஆண்டுகளில் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்னும் கொள்கையாகும். உயிரணுக்களில் இடையறாது தோன்றும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்கள், அவற்றை அடக்கிவைக்கும் தற்காப்பை மீறிப் பெருகி, கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் தாக்கிக் கெடுக்கின்றன என்பது அதன் சாரம். இக்கொள்கை மெய்தானா என்று மட்டும் கேட்பது போதாது. இரத்தத்தில் நாம் காணும் ஆக்சிஜனேற்றச் சிதைவு, நோயை விளைவிக்கும் காரணமா, அல்லது நோய் நடந்ததற்கு நிற்கும் சாட்சியா என்று பிரித்து வினவ வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதனாலேயே பெருஞ்செலவில் நடந்த சில சோதனைகள் தொடக்கத்திலேயே திசைமாறின என்பது என் அபிப்பிராயம். அதற்கான ஆதாரங்களைக் கீழே பரிசீலிக்கிறேன்.

2. முதல் தடயம்: சவ்வும் வெள்ளணுவும்

டயாலிசிஸ் என்ற சொல்லை இவ்வகைப் பிரிப்புக்கு முதலில் ஆண்டவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம், ஆண்டு 1861. உயிருள்ள பிராணியின் இரத்தத்தை அம்முறையில் வடித்துக் காட்டியவர்கள் 1913-இல் பால்டிமோரில் ஏபல், ரவுன்ட்ரீ, டர்னர் ஆகியோர். இரத்தம் உறையாதிருக்க அவர்கள் அட்டையிலிருந்து எடுத்த ஹிருடினைப் பயன்படுத்தினர். ஜெர்மானியரின் பிடியிலிருந்த நெதர்லாந்தில், காம்பன் என்னும் சிற்றூரில், வில்லெம் கோல்ஃப் 1943-இல் அமைத்த சுழலும் உருளைக் கருவியோ, இறைச்சிக் குழல் செய்யப் பயன்பட்ட செலோபேன் உறையையே சவ்வாகக் கொண்டிருந்தது. போர்க்காலத்துப் பற்றாக்குறையின் நடுவே கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒரு செயற்கை அவயவத்தைக் கட்டிய அம்மனிதரின் மனவுறுதி வணக்கத்துக்குரியது. எனினும் அவருக்குப் பின் வந்த இரண்டு தலைமுறையினரும் செல்லுலோஸையே சவ்வாகக் கொண்டபோது, அச்சவ்வு இரத்தத்தோடு எவ்விதச் சம்பந்தமும் கொள்ளாத வெறும் வடிகட்டி என்ற எண்ணமே பொதுவாக நிலவிற்று.

அவ்வெண்ணத்தை அசைத்தது மிக எளிய ஒரு கணக்கெடுப்பு. 1968-இல் கப்லோ, கோஃபினெட் என்ற இரு மருத்துவர்கள், டயாலிசிஸ் தொடங்கிய சில நிமிஷங்களுக்குள் நோயாளியின் இரத்தத்திலுள்ள நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை அடியோடு சரிந்து, பின்னர்ச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே மீண்டும் உயர்ந்துவிடுவதைக் கண்டனர். அவ்வணுக்கள் எங்கே போயின? 1977-இல் மினசோட்டாவில் கிராடக், ஹாரி ஜேக்கப் முதலியோர் இதற்கு விடை கண்டனர். செலோபேன் பரப்பைத் தொட்ட இரத்தத் திரவத்தில், கிருமிகளை எதிர்க்கவென்று உடல் வைத்திருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொடர் விழித்தெழுகிறது. அதனால் தூண்டப்பட்ட வெள்ளணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் சென்று தங்கிவிடுகின்றன. சவ்வைத் தொட்ட திரவத்தை மட்டும் விலங்குகளுக்குச் செலுத்தியபோதும் அதே விளைவு தோன்றியமையால், குற்றம் சவ்வினுடையது என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது.

இக்கண்டுபிடிப்பின் முழுப் பொருளும் பின்னரே விளங்கிற்று. தூண்டப்பட்ட நியூட்ரோஃபில் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அது ஆக்சிஜனை வழக்கத்தைக் காட்டிலும் பன்மடங்கு விழுங்கி அதனைச் சூப்பராக்சைடாக மாற்றுகிறது. சூப்பராக்சைடு ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. அப்பெராக்சைடையும் இரத்தத்திலுள்ள குளோரைடையும் இணைத்து, மையலோபெராக்ஸிடேஸ் என்னும் நொதி ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகிறது. சலவைக்குப் பயன்படும் பிளீச்சிங் நீரிலுள்ள அதே பொருள்தான் இது. கிருமியைக் கொல்லவென்று ஏற்பட்ட இந்த ஆயுதம், கிருமியே இல்லாத ஓரிடத்தில், வாரத்துக்கு மூன்று முறை, ஆண்டுதோறும் ஏவப்படுகிறது என்று சிந்தித்தால், இரத்தக்குழாயின் உட்சுவர் கெடுவது இயல்பே என்ற அனுமானம் தானே எழும்.

3. கொள்கை உருப்பெற்ற விதம்

இவ்வனுமானத்துக்கு அறிவியல் அடித்தளம் வேறிடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும், சூப்பராக்சைடை அழிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நொதி உயிரணுக்களில் இருப்பதைக் கண்டறிந்தனர். 1985-இல் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ், ஆக்சிஜனேற்றும் சக்திகளுக்கும் அவற்றைத் தடுக்கும் சக்திகளுக்கும் இடையிலான சமநிலை முன்னவற்றின் பக்கம் சாய்வதை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று வரையறுத்து நூலொன்றைத் தொகுத்து வெளியிட்டார். சிறுநீரக நோயிலோ இச்சமநிலை இரு புறமும் குலைகிறது. வெள்ளணுக்களின் தூண்டுதல் ஒரு புறமிருக்க, நீரிற் கரையும் வைட்டமின் சி சவ்வின் வழியே ஒவ்வொரு முறையும் வெளியேறிவிடுகிறது. பொட்டாசியத்துக்கு அஞ்சிக் கனிகளையும் காய்கறிகளையும் குறைத்துக்கொள்ளும் பத்தியமும் அவ்வைட்டமினின் வரவைச் சுருக்கிவிடுகிறது.

1996-இல் பாரிஸைச் சேர்ந்த விட்கோ-சர்சாத் முதலியோர், ஆக்சிஜனேற்றத்தால் மிகவும் சிதைந்த புரதங்களை டயாலிசிஸ் நோயாளரின் இரத்தத்தில் அளந்தறிந்தனர். அப்புரதங்கள் ஹைப்போகுளோரஸ் அமிலம் போன்ற குளோரின் சேர்ந்த பொருள்களின் தாக்குதலால் பெரிதும் உருவாகின்றன என்பது நம் விசாரணைக்கு மிக முக்கியமான குறிப்பு. அதன் பயனைப் பின்னர்க் காண்போம். டயாலிசிஸையே தொடங்காத, ஆனால் சிறுநீரகம் படிப்படியாக நலிந்துவரும் நோயாளரிடத்திலும் இச்சிதைவு கூடுதலாகவே காணப்பட்டமையால், பழியெல்லாம் இயந்திரத்தின்மேல் ஏற்றுவது பொருந்தாது என்பதும் அக்காலத்திலேயே தெளிவாயிற்று. 2002-இல் அமெரிக்க மருத்துவர் ஜோனதன் ஹிம்மெல்ஃபார்பும் சகாக்களும், சிறுநீரகம் கெட்டுக் கழிவுகள் இரத்தத்தில் தேங்கும் யூரிமியாவில் நேரும் இருதய நோய்க்கு ஆக்சிஜனேற்ற அழுத்தமே ஒருங்கிணைக்கும் மூலக் கருத்து என்று வாதிட்டு எழுதிய கட்டுரை, இக்கொள்கையின் செல்வாக்கை உச்சத்துக்குக் கொண்டுசென்றது.

4. அன்வயம்: உள்ளவிடத்து உள்ளதெனல்

நம் தர்க்க நூலார் காரணகாரியத் தொடர்பை நிறுவ அன்வயம், வியதிரேகம் என இரு வழிகளை வகுத்தனர். ஒன்று உள்ளவிடத்து மற்றதும் உளதாதல் அன்வயம். ஒன்று இல்லாதவிடத்து மற்றதும் இலதாதல் வியதிரேகம். முதல் வழியில் மட்டும் நின்று முடிவு கூறுபவன், புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டு, புகையே நெருப்புக்குக் காரணமென்று சாதிக்கவும் கூடும்.

சிறுநீரக நோயில் அன்வயச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. சிதைந்த கொழுப்பின் துணுக்கான மலோன்டையால்டிஹைடு, அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து தோன்றும் ஐசோபுரோஸ்டேன்கள், சிதைந்த புரதங்கள் என எதை அளந்தாலும் டயாலிசிஸ் நோயாளரிடத்தில் பெரும்பாலும் மிகுதியாகவே காணப்படுகின்றன. எனினும் இவ்வளவைகளை அப்படியே ஏற்பதற்கு இரண்டு தடைகள் உண்டு. சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவதே சிறுநீரகத்தின் தொழிலாதலால், அச்சிறுநீரகம் கெட்டபின் ஒரு பொருள் இரத்தத்தில் மிகுந்திருப்பது அதன் உற்பத்தி மிகுந்ததற்கு அடையாளமா, கழிவு தடைப்பட்டதற்கு அடையாளமா என்று பிரித்தறிவது எளிதன்று. மேலும், நெடுங்காலமாக ஆய்வுக்கூடங்களில் வழங்கிவந்த தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனை, மலோன்டையால்டிஹைடோடு வேறு பல பொருள்களையும் சேர்த்தே நிறங்காட்டும் தன்மையது. நோய் முற்றியவர்களிடம் அழற்சியும் ஊட்டக்குறைவும் இருதயக் கேடும் ஆக்சிஜனேற்றச் சிதைவும் ஒருங்கே கூடியிருப்பதால், எது முன், எது பின் என்ற வினாவுக்கு அளவைகள் எத்தனை பெருகினாலும் விடை கிடைப்பதில்லை.

5. வியதிரேகம்: நீக்கிப் பார்த்த சோதனைகள்

ஆகவே ஆக்சிஜனேற்றத்தைக் குறைத்துப் பார்த்து, நோயும் குறைகிறதா என்று சோதிப்பது ஒன்றே வழியாயிற்று. முதற் செய்தி மிகுந்த நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. இஸ்ரேலில் போவஸ் முதலியோர், ஏற்கெனவே இருதய நோயுற்ற 196 டயாலிசிஸ் நோயாளரைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 800 அலகு வைட்டமின் ஈ கொடுத்து, மற்றதற்கு வெற்று மாத்திரை கொடுத்து, 2000-இல் முடிவை வெளியிட்டனர். மாரடைப்பு, பக்கவாதம் முதலிய இருதய, இரத்தக்குழாய் விபத்துகள் வைட்டமின் பெற்ற 97 பேரில் 15 பேருக்கும், பெறாத 99 பேரில் 33 பேருக்கும் நேர்ந்தன. 2003-இல் ஜெர்மனியில் டெப்பல் முதலியோர், நாள்தோறும் இருவேளை 600 மில்லிகிராம் அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்து 134 பேரிடம் நடத்திய சோதனையிலும், மருந்து பெற்றோரில் 28 சதவிகிதத்தினருக்கும் பெறாதோரில் 47 சதவிகிதத்தினருக்கும் அத்தகைய விபத்துகள் ஏற்பட்டன.

இவ்விரு சோதனைகளையும் இன்றும் மேற்கோள் காட்டுவோர் பலர். அவர்கள் சொல்லாமல் விடுவது, இரண்டிலுமே மொத்த மரணங்கள் குறையவில்லை என்பதாகும். இருநூறு பேருக்கும் குறைவான சோதனையில், ஐம்பதை ஒட்டிய விபத்துகளின் எண்ணிக்கையில், பாதிக்குப் பாதி வேறுபாடு தோன்றுவது மெய்யான பெரும் பயனாலும் ஆகலாம், தற்செயலாலும் ஆகலாம். எது என்று அறிய, பெரிய சோதனையில் அது மீண்டும் தோன்ற வேண்டும். மீண்டும் தோன்றவில்லை. டயாலிசிஸ் தொடங்காதவரும் சிறுநீரகம் ஓரளவு நலிந்தவருமான 993 பேருக்கு, ஹோப் என்ற பெருஞ்சோதனையின் ஒரு பகுதியாக, நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ஈ அளித்ததில் எப்பயனும் தென்படவில்லை. 2012-இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, அதுவரை வந்த 10 சோதனைகளை ஒருங்கே எடைபோட்டு, இருதய மரணத்திலோ மொத்த மரணத்திலோ தெளிவான பயன் இல்லையென்றும், டயாலிசிஸ் நோயாளரிடத்தில் மட்டும் ஒருவேளை சிறிது பயன் இருக்கலாமென்றும் கூறியது. அந்தச் சிறு நம்பிக்கையும் மேற்கண்ட இரு சோதனைகளையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டதாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக என் கருத்தைக் கவர்ந்தது 2014-இல் வெளியான ஒரு சோதனை. அதை நடத்தியவர் முன்பு இக்கொள்கைக்காக வாதாடிய அதே ஹிம்மெல்ஃபார்ப். டயாலிசிஸ் பெறும் 353 பேருக்கு ஆறு மாத காலம் வைட்டமின் ஈயின் பல வகைகளைக் கலந்து, அதனுடன் ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்ததில், நோயாளரின் அழற்சிக் குறிகள் மாறவில்லை; ஐசோபுரோஸ்டேன் முதலிய ஆக்சிஜனேற்றக் குறிகளும் மாறவில்லை. தம் கொள்கையைத் தாமே கடுஞ்சோதனைக்கு உட்படுத்தி, பாதகமாக வந்த முடிவை மறைக்காது வெளியிட்ட நேர்மை அறிவியல் மரபில் போற்றற்குரியது. அம்முடிவினுள் பொதிந்துள்ள நுட்பமும் கவனிக்கத்தக்கது. மருந்து ஆக்சிஜனேற்றத்தைக் குறைத்தும் நோய் குறையவில்லை என்றிருந்தால், ஆக்சிஜனேற்றம் காரணமன்று என்று முடிவு கட்டலாம். இங்கேயோ மருந்து ஆக்சிஜனேற்றத்தையே குறைக்கவில்லை. வியதிரேகத்துக்கு வேண்டிய நிபந்தனையே நிறைவேறாத இடத்தில், காரணம் மெய்ப்பிக்கப்படவுமில்லை, பொய்ப்பிக்கப்படவுமில்லை.

6. மாத்திரை ஏன் தோற்றது

இந்தத் தோல்வியை வேதியியல் முன்கூட்டியே உரைத்திருக்கக்கூடும் என்று எண்ணுகிறேன். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சந்திக்குமிடத்தில் தோன்றும் ஹைட்ராக்சில் ராடிக்கல், நூறு கோடியில் ஒரு பங்கு நொடி போன்ற நுண்ணிய காலமே இருந்து, எதிர்ப்பட்ட முதல் மூலக்கூறையே தாக்கி மறைகிறது. அது ஆள் பார்த்துத் தாக்குவதில்லை. அதைத் தடுக்க விரும்பும் பொருள், சுற்றிலுமுள்ள புரதம், சர்க்கரை, கொழுப்பு அனைத்தையும் முந்திக்கொண்டு அதன் எதிரே நிற்கவேண்டும். இரத்தத் திரவத்தில் ஆல்புமின் என்னும் புரதம் மட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 600 மைக்ரோமோல் இருக்க, வைட்டமின் ஈ சுமார் 25 மைக்ரோமோல் அளவே உள்ளது. மாத்திரையால் அதை இருமடங்காக்கினாலும் பந்தயத்தில் அது முந்துவதற்கு இடமில்லை. வைட்டமின் ஈயின் மெய்யான ஆற்றல் கொழுப்பில் தொடர்வினையாகப் பரவும் பெராக்சில் ராடிக்கல்களை நிறுத்துவதில் உள்ளது. ஆனால் டயாலிசிஸ் நோயாளரின் புரதங்களைச் சிதைப்பதில் பெரும்பங்கு கொண்டதாகப் பாரிஸ் ஆய்வு சுட்டியதோ ஹைப்போகுளோரஸ் அமிலம். அது ராடிக்கலே அன்று, வைட்டமின் ஈ அதனோடு திறம்பட மோதுவதும் இல்லை. ஒரு பகைவனுக்கென்று வடித்த வாளை வேறொரு பகைவன்மீது வீசியதாக முடிந்தது இம்முயற்சி.

இன்னொரு தடையும் உண்டு. ஆக்சிஜன் சேர்மங்கள் எல்லாம் உடலுக்கு விரோதிகளல்ல. சூப்பராக்சைடை உண்டாக்கும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள், நாட்பட்ட கிரானுலோமா நோய் என்ற கொடிய நிலையில், சாதாரணக் கிருமிகளையும் பூஞ்சைகளையும் வெல்ல மாட்டாமல் அடுத்தடுத்துத் தொற்றுகளுக்கு ஆளாகின்றனர். ஹைட்ரஜன் பெராக்சைடு மிகச் சிறிய அளவில் உயிரணுக்களுக்குள் செய்தி கடத்தும் தூதாகவும் பணிபுரிகிறது. ஆகவே அனைத்தையும் அடக்குவது சிகிச்சை ஆகாது.

மாத்திரையால் ராடிக்கலைப் பிடிப்பதை விட்டு, உடலின் சொந்தத் தற்காப்பையே தூண்டிவிடலாமென்று எழுந்த அடுத்த முயற்சியும் விபரீதமாகவே முடிந்தது. என்ஆர்எஃப்2 என்ற புரதம் விடுபட்டால் நூற்றுக்கணக்கான தற்காப்பு ஜீன்கள் விழிக்கின்றன. பார்டொக்ஸலோன் என்னும் மருந்து அதனை விடுவிக்கிறது. 2011-இல் 227 நீரிழிவுச் சிறுநீரக நோயாளரிடம் அது வடிகட்டும் வேகத்தின் கணிப்பை உயர்த்தியபோது பெரும் உவகை எழுந்தது. 2,185 பேரைச் சேர்த்து நடந்த அடுத்த சோதனையோ 2012 அக்டோபரில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழத்தல் அல்லது இருதய மரணம் என்ற முதன்மை முடிவு இரு குழுக்களிலும் ஏறத்தாழ 6 சதவிகிதமாகவே நின்றுவிட, இருதயச் செயலிழப்பு மட்டும் மருந்து பெறாதோரில் 55 பேருக்கும் பெற்றோரில் 96 பேருக்கும் நேர்ந்தது. அளவையில் ஏற்றம் கண்டு நோயாளரின் நலத்திலும் ஏற்றம் காண்பதாக மயங்கினால் நேரும் கேட்டுக்கு இதனினும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

7. இரும்பைப் பற்றிய விவாதம்

கொள்கை எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும் அதன்மேல் முழுப்பாரத்தையும் ஏற்றலாகாது என்பதை இரும்பின் கதை இன்னும் அழுத்தமாகக் காட்டுகிறது. டயாலிசிஸ் நோயாளர் பெரும்பாலும் இரத்தசோகை உடையவர். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டினுடன் இரும்பையும் சிரை வழியே ஏற்றுவது வழக்கம். இரும்பு ஹைட்ராக்சில் ராடிக்கலை உண்டாக்கும் என்பது ஃபென்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட வினையிலிருந்து வரும் நேரடி முடிவு. 2002-இல் டிரியூக்கே முதலியோர், ஏற்றிய இரும்பின் அளவோடும் சிதைந்த புரதங்களின் அளவோடும் கழுத்துத் தமனிச் சுவரின் தடிப்பு தொடர்புற்றிருப்பதைக் கண்டனர். ஆகவே இரும்பைச் சிக்கனமாகத் தருவதே இருதயத்துக்கு நல்லதென்று எண்ணியவர் பலர். அவ்வெண்ணம் அறிவுக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

2019-இல் பிரிட்டனிலிருந்து மக்டூகல் முதலியோர் வெளியிட்ட சோதனை இதனைத் தலைகீழாக்கிற்று. 2,141 பேரில் ஒரு பாதிக்கு மாதந்தோறும் 400 மில்லிகிராம் இரும்பு முன்கூட்டியே தரப்பட்டது. மறுபாதிக்குக் குறை தோன்றியபோது மட்டும் தரப்பட்டது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் செயலிழப்பால் மருத்துவமனை சேர்க்கை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மிகுதியாக இரும்பு பெற்றோரில் 29.3 சதவிகிதத்தினருக்கும், சிக்கனமாகப் பெற்றோரில் 32.3 சதவிகிதத்தினருக்கும் ஏற்பட்டது. இரும்பு ஆக்சிஜனேற்றத்தை உண்டாக்குவதில்லை என்று இதனால் பொருள்படாது. ஓரிடத்தில் ஏற்படும் அந்தச் சிதைவைக் காட்டிலும், இரும்புக் குறையால் இருதயத் தசைக்கும் இரத்தத்துக்கும் நேரும் நட்டம் பெரியதாக இருத்தல் கூடும் என்பதே பொருந்திய விளக்கமாகத் தோன்றுகிறது. கழுத்துத் தமனியின் தடிப்பைக் கண்டு செய்த அனுமானம், மனிதர் வாழ்ந்ததையும் மாண்டதையும் எண்ணிப் பார்த்தபோது நிற்கவில்லை.

8. நிரூபணம் நிறைவேறிய ஓரிடம்

ஆக்சிஜனேற்றமே காரணமென்று ஐயமற நிறுவப்பட்ட நிகழ்ச்சி டயாலிசிஸ் வரலாற்றில் ஒன்று உண்டு. ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றிய நூல்களில் அது அரிதாகவே எடுத்துப் பேசப்படுகிறது. நான்கு மணி நேரச் சிகிச்சையில், நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம், ஏறத்தாழ 120 லிட்டர் நீர் நோயாளியின் இரத்தத்துக்கு எதிரே மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடுகிறது. அந்நீர் நகரத்துக் குழாயிலிருந்து வருவது. நகரசபைகள் கிருமிகளைக் கொல்லக் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமினைக் குடிநீரில் கலக்கின்றன. குடிப்பவருக்கு அதனால் தீங்கில்லை, ஏனெனில் அது இரைப்பையிலேயே சிதைந்துவிடுகிறது. சவ்வின் வழியே நேராக இரத்தத்தில் புகுந்தாலோ, அது சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றிக் கெடுத்து, அவ்வணுக்களின் தற்காப்பு வினையையும் முடக்கி, அவற்றை உடைத்துவிடுகிறது. 1973-இல் ஈட்டன், ஹாரி ஜேக்கப் முதலியோர் மினசோட்டாவில் இதை விளக்கினர். சவ்வினால் வெள்ளணுக்கள் மறைவதை நான்கு ஆண்டுகளுக்குப் பின் விளக்கியவர்களுள்ளும் இந்த ஜேக்கப் ஒருவர்.

இங்கே தாக்கும் பொருள் இன்னதென்று தெரிந்தது. அது பிறக்கும் இடமும் தெரிந்தது. அதை நீக்கும் வழியும் கைவசமிருந்தது. கரியினூடே நீரைச் செலுத்தியபோது குளோரமின் அகன்றது, சிவப்பணுக்களும் பிழைத்தன. வைட்டமின் சியை அந்நீரிலேயே கலந்து குளோரமினை முறிக்கும் முறையும் கையாளப்பட்டது. வாய்வழி விழுங்கிய வைட்டமின்கள் பெரிய சோதனைகளில் தோற்க, நீர்த்தொட்டியிலே தாக்குபவனுக்கு நேர் எதிரே, போதிய அளவில் வைக்கப்பட்ட வைட்டமின் அவனை முறித்துவிட்டதென்பது, தடுப்பான் என்னும் கருத்தில் குறையில்லை, அதை வைத்த இடத்திலும் அளவிலுமே குறையிருந்தது என்பதற்கு வலிய சான்றாகும்.

9. மூலத்தை நாடிய சிகிச்சைகள்

அவ்வாறாயின் சவ்விலும் நீரிலும் வடிகட்டும் முறையிலும் செய்யும் சீர்திருத்தங்களால் இருதய மரணங்கள் குறைந்தனவா என்று கேட்பது நியாயமே. செல்லுலோஸை விட்டுச் செயற்கைச் சவ்வுகளுக்கு மாறியதால் காம்ப்ளிமென்டின் விழிப்பும் வெள்ளணுக்களின் சரிவும் பெரிதும் அடங்கின என்பது பிரத்யட்சம். ஆயினும் 2002-இல் அமெரிக்காவில் 1,846 பேரிடம், மிகுதியாகக் கழிவகற்றுவதையும் பெரிய துளைகளுடைய சவ்வையும் சோதித்தபோது, மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 2023-இல் ஐரோப்பாவில் 1,360 பேரிடம் நடந்த சோதனையில், இரத்தத் திரவத்தைப் பெருமளவு வடித்துத் தூய திரவத்தால் ஈடுசெய்யும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் முறையில் 17.3 சதவிகிதத்தினரும், வழக்கமான முறையில் 21.9 சதவிகிதத்தினரும் மாண்டனர். நீண்ட காலத்துக்குப் பின் டயாலிசிஸில் உயிர்களைக் காத்ததாகக் காணப்பட்ட முறைகளுள் இது ஒன்றாதலால் இதன் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் தெளிவாகக் குறைந்தவை தொற்றுநோயால் நேர்ந்த மரணங்கள். இருதய மரணங்களில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஆக்சிஜனேற்றக் கொள்கையினர் இம்முடிவைத் தமக்குச் சாதகமாகக் கொள்வதற்கு இன்னும் உரிமை பெறவில்லை.

அவ்வுரிமையைப் பெறும் சோதனை எத்தன்மையதாக இருக்கவேண்டும் என்பது இதுவரை கண்டவற்றிலிருந்தே பெறப்படும். தாக்கும் பொருளை முதலில் பெயர் சுட்டிக் குறிக்கவேண்டும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற பொதுப்பெயர் சிகிச்சைக்கு உதவாது. மையலோபெராக்ஸிடேஸ் என்று குறித்தால், அந்நொதியையே தடுக்கும் மருந்தைக் கொடுத்து, அதன் விளைபொருளாகிய குளோரினேற்றம் பெற்ற புரதம் நோயாளரிடம் மெய்யாகவே குறைந்ததென்று முதலில் காட்டவேண்டும். அதன்பின்பே ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து மரணங்களை எண்ணத் தொடங்கலாம். தொற்றுகள் கூடுகின்றனவா என்று அச்சோதனை நெடுகிலும் கண்காணிக்கவும் வேண்டும், ஏனெனில் தடுக்கப்படுவது கிருமியைக் கொல்லும் ஆயுதம்.

அத்தகைய சோதனை முடியும்வரை, டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் விளம்பரங்களைக் கண்டு வைட்டமின் ஈ மாத்திரைகளையோ பெருமளவு வைட்டமின் சியையோ தாமாக வாங்கி உண்பதற்கு ஆதாரமில்லை. பின்னதில் ஆபத்தும் உண்டு: வைட்டமின் சி உடலில் ஆக்ஸலேட்டாக மாறுகிறது, அதைக் கழிக்கும் சிறுநீரகம் இல்லாதவரின் திசுக்களில் அது படிந்து தங்கும். இழந்ததை ஈடுசெய்யும் சிற்றளவை மருத்துவர் குறித்துக் கொடுப்பது வேறு. சிகிச்சை நிலையங்களிலோ, அடுத்தடுத்து நிறுத்திய இரண்டு கரித் தொட்டிகளின் வழியே நீர் வந்த பின்னும், நோயாளரை இயந்திரத்தில் இணைப்பதற்கு முன்பாக, அதில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பதைச் சோதித்துக் குறிப்பேட்டில் பதியும் வழக்கம் இன்றும் நடந்துவருகிறது.